இல்லாத தம்பிக்குக் கண்ணீர் அஞ்சலி

பாலகுமாருக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. அவன் அம்மா மகாராணி பெற்றது ஒன்றே ஒன்று, அது பாலகுமார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இந்தக் கதை முழுக்க அவனுடைய தம்பியைப் பற்றியது.

தம்பியின் பெயர் ஜெயமுருகன். தொழில், பாறைக்கு வெடி வைப்பது. இந்த விவரம் பாலகுமாருக்கு முதன்முதலில் தெரியவந்தது 2018 ஜனவரியில். எந்த நாடு என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாத ஒரு நாட்டில், கைகளைப் பின்னால் கட்டி அவனைத் தொங்கவிட்டிருந்தபோது சொன்னார்கள்.

அதற்கு முன் அவன் கொடைக்கானலில் ஒரு ஓட்டலில் சமையல்காரனாக இருந்தான். வெளிநாட்டு ஓட்டல் ஒன்றில் வேலை கிடைத்து, அம்மா போட்டுக் கொடுத்த பூண்டு ஊறுகாயோடு விமானம் ஏறினான். நடுவழியில் விமானம் மாறுகிற இடத்தில் இரண்டு பேர் வந்து பெயரைக் கேட்டார்கள். சொன்னான். அவன் செய்த குற்றம் அவ்வளவுதான். அதே பெயரில் வேறு எவனையோ தேடிக்கொண்டிருந்தார்கள். தலையில் ஒரு பையைக் கவிழ்த்து இன்னொரு விமானத்தில் ஏற்றினார்கள். நாற்பத்தொரு நாள். பிடித்துக் கொடுத்தது ஒரு நாடு, அடித்தது இன்னொரு நாடு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இருமிக்கொண்டே கேள்வி கேட்டது மூன்றாவது நாடு. மூன்றும் ஒன்றுக்கொன்று நட்பு நாடுகள், நமக்கும் நட்பு நாடுகள். நம் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறக்கூட இவ்வளவு ஒத்துழைப்பு கிடைக்காது.

“உன் தம்பி ஜெயமுருகன் எங்கே?” என்பதுதான் முதல் கேள்வி. தம்பி இல்லை என்றான். ஐந்து நாள் அப்படியே சொன்னான். ஒரு மனிதனின் மூக்கில் எத்தனை விதமாகத் தண்ணீர் ஊற்றலாம் என்பதை அந்த ஐந்து நாளில் தெரிந்துகொண்டான். வலது கையில் இரண்டு விரல்கள் ஒடிந்தன. ஆறாம் நாள், ஆமாம், தம்பி இருக்கிறான் என்றான்.

சொன்னதும் அடி நின்றது. அவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். எழுதும்போது அடிக்கவில்லை என்பதைக் கவனித்த பாலகுமார், தம்பியைப் பற்றி மேலும் மேலும் சொல்லிக்கொண்டே போனான். ஆடலூர்ப் பக்கம் மிளகுத் தோட்டத்தில் இருக்கிறான். இடது கன்னத்தில் மச்சம். கொஞ்சம் காலை இழுத்து நடப்பான். அடர்ந்த மீசை. பச்சைமிளகாய் அவன் வயிற்றுக்கு ஆகாது, ரொட்டியில் போட்டால் கோபித்துக்கொண்டு எழுந்துவிடுவான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருமியவன் பச்சைமிளகாயையும் எழுதிக்கொண்டான். அந்த நாற்பத்தொரு நாளில் பாலகுமாருக்கு ஆதரவாக இருந்த ஒரே ஆள் அந்தத் தம்பிதான்.

நாற்பத்தோராம் நாள் ஒன்றுமே சொல்லாமல் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். சென்னையில் இறங்கியதும் நம் நாட்டு அதிகாரி ஒருவர் ஒரு தாளை நீட்டினார். சொந்த விருப்பத்தில் ஊர்சுற்றப் போய்த் திரும்பியதாக அதில் எழுதியிருந்தது. ஒடிந்த விரல்களால் பேனாவைப் பிடிக்க முடியாமல் பெருவிரலை வைத்தான்.

ஊருக்கு வந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. பெருமாள்மலைச் சாலையோரம் ஒரு ரொட்டிக்கடை போட்டிருக்கிறான். தேங்காய் ரொட்டி, தொட்டுக்கொள்ளச் சம்பல், டீ. மகாராணிக்கு அது டீ இல்லை, தேத்தண்ணி. இலங்கையில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, பதினெட்டு வயதில் கப்பலேறி மண்டபம் முகாமுக்கு வந்து, அங்கிருந்து இந்த மலைக்கு ஏறியவள். நரிப்பாறை காலனியில் இருக்கிற பாதிப் பேர் அப்படி வந்தவர்கள். சாலையிலிருந்து காலனிக்கு இரண்டு கிலோமீட்டர் ஏற்றம், வண்டி போகாது, மழைக்காலத்தில் காலில் அட்டை ஏறும்.

இந்த ஆறு வருடத்தில் பாலகுமார் போட்ட மனுக்களுக்கெல்லாம் டில்லியிலிருந்து ஒரே பதில்தான் வந்தது. ‘தாங்கள் கோரும் தகவல் இருக்கிறது என்றோ இல்லை என்றோ தெரிவிப்பது நட்பு நாடுகளுடனான உறவைப் பாதிக்கும் என்பதால், இருக்கிறது என்றோ இல்லை என்றோ தெரிவிக்க இயலாது.’

மகாராணி இதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

“அடிச்சாங்கன்னு சொன்னா நட்பு கெட்டுப் போகுமா? அடிச்சப்ப கெடலையா?”

“அப்ப இன்னும் நெருக்கமாயிருக்கும்மா,” என்றான் பாலகுமார்.

“இலங்கையில எங்களையும் இப்பிடித்தான் ரெண்டு நாடு உக்காந்து பங்கு போட்டுச்சு. ஒனக்கு இத்தனை, எனக்கு இத்தனைன்னு. எங்களைக் கேட்டா போட்டாங்க?”

அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. அது நடந்தது, அவன் விவரத்தை இங்கிருந்துதான் கொடுத்தார்கள் என்று முத்திரையோடு ஒரு வரி. ஏனென்றால் ஊரில் எல்லோரும் நல்லவர்கள்தான், ரொட்டி வாங்குவார்கள், சிரித்துப் பேசுவார்கள், பத்தடி தள்ளிப் போனதும் “சும்மாவா புடிப்பாங்க?” என்பார்கள். இந்த ஒரு கேள்வியால் மூன்று இடத்தில் பெண் தர மறுத்துவிட்டார்கள். அதைக்கூட அவன் விட்டுவிடுவான். சில நாள் காலையில் எழுந்து இரண்டு வளையாத விரல்களைப் பார்க்கும்போது, உண்மையிலேயே நடந்ததா என்று அவனுக்கே சந்தேகம் வந்தது. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

அவன் வழக்கை எடுத்து நடத்துகிற வக்கீல் தமயந்தி. கொடைக்கானல் கோர்ட்டில் மற்ற வேலையெல்லாம் முடித்துவிட்டு ஸ்கூட்டியில் வந்து ரொட்டி தின்றுகொண்டே வழக்குப் பேசுவாள். ஒருநாள் அவளும் கையை விரித்துவிட்டாள்.

“அந்த ஃபைல் இருக்குன்னு நாம நிரூபிச்சாத்தான் மேல போக முடியும் அண்ணே. நமக்குத் தெரிஞ்ச ஒரே அடையாளம் உங்க தம்பி. இல்லாத ஆளு. அந்தப் பேரு உலகத்துல எங்கயாவது எழுதியிருந்தா அது அந்த ஃபைல்லதான் இருக்கும். ஆனா அதை எப்படி வெளியில வரவைக்கிறது?”

மகாராணி தேங்காய் துருவிக்கொண்டே வேறெதையோ நினைத்துப் புலம்பினாள். “இவன் அப்பா உசுரோட இருந்தப்ப பென்சன் கேட்டு மூணு வருசம் நடந்தோம் பிள்ளை. ஒருத்தன் ஏறெடுத்துப் பாக்கல. அவரு கண்ண மூடுன மறுவாரம் ரேசன் அட்டையில பேரை எடுக்கணும்னு வீடு தேடி வந்துட்டாங்க. உசுரோட இருக்கவன் இவங்க கண்ணுக்குத் தெரிய மாட்டான். செத்தாத்தான் ஓடி வருவாங்க.”

பாலகுமார் கல்லில் ரொட்டியைத் திருப்பப் போனவன் அப்படியே நின்றான். ரொட்டி கருகியது.

“அம்மா, தம்பியைக் கொன்னுருவமா?”

தமயந்திக்குப் புரை ஏறிவிட்டது. தண்ணீர் குடித்து மூச்சு வாங்கியபின் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு விரலை நீட்டிக் கண்டிப்பாகச் சொன்னாள். “போஸ்டர் ஒட்டுறது குத்தமில்ல. ஆனா எந்த ஆபீசுக்கும் போய் செத்துட்டான்னு சொல்லக் கூடாது. சர்டிபிகேட் கேக்கக் கூடாது. எங்கயும் கையெழுத்துப் போடக் கூடாது. யாராவது வந்து வாயால கேட்டா ஒரே பதில்தான், ‘எழுத்துல கேளுங்க.’ புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது,” என்றாள் மகாராணி. “எளவு வீட்டுல நான் அழலாமா, கூடாதா?”

“தாராளமா அழலாம்.”

மறுநாள் காலையிலேயே பாலகுமார் டவுனில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கும் மனோஜ்குமாரிடம் போனான். பாஸ்போர்ட்டுக்காக 2017இல் எடுத்த தன் படத்தைக் கொடுத்து, மீசையை அடர்த்தியாக்கி இடது கன்னத்தில் ஒரு மச்சம் வைக்கச் சொன்னான். மனோஜ்குமார் ஒன்றும் கேட்கவில்லை. செத்தவர்களுக்கு அவன் இதைவிடப் பெரிய வேலையெல்லாம் பார்த்திருக்கிறான், போன மாதம்தான் ஒருத்தருக்குக் கோட்டு மாட்டிவிட்டான்.

“மறைவு தேதி ஓகேண்ணே. தோற்றம்?”

“தோற்றம் தெரியாது.”

“பர்த் டேட் இல்லாம லேஅவுட் பேலன்ஸ் ஆகாதுண்ணே.”

“தெரியாததை எப்பிடிப்பா போடுறது? வெறும் மறைவு மட்டும் போடு.”

அப்படியே அச்சாகி வந்தது. மேலே கண்ணீர் அஞ்சலி. நடுவில் படம். கீழே, நரிப்பாறை காலனி மகாராணியின் இளைய மகனும் பாலகுமாரின் அன்புத் தம்பியுமான ஜெயமுருகன் அகால மரணமடைந்தார், பதினாறாம் நாள் காரியம் அன்னாரது இல்லத்தில். மகாராணிக்கு வாசிக்கத் தெரியாது. போஸ்டரை விரித்து வைத்துப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது நீதானடா.”

“தம்பிம்மா. மச்சம் இருக்கு பாரு.”

“போறப்ப இப்பிடித்தான் இருந்த,” என்றாள் மகாராணி. படத்தின் கன்னத்தைத் தடவிவிட்டுக் காம்பரா அறைக்குள் போய்விட்டாள். அதுவரை விளையாட்டாக இருந்த பாலகுமார் போஸ்டரைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான். அம்மா சொன்னது சரி. அந்தப் படத்தில் இருப்பவன் போனான், திரும்பி வரவில்லை.

போஸ்டர் பஸ் நிலையத்துச் சுவரில் ஏறியது, பெருமாள்மலை முக்கில் ஏறியது. ரகசியத் தகவல் சேகரிக்கிற ஒரு பிரிவின் அலுவலகத்துக்கு எதிர்ச்சுவரிலும் ஏறியது. அந்தப் பிரிவுக்குப் பெயர் உண்டு. வெளியே சொல்லக் கூடாது என்பதால் வாசலில் பலகை கிடையாது, ஆனால் எந்த ஆட்டோவில் ஏறிச் சொன்னாலும் சரியாகக் கொண்டுபோய் விடுவார்கள்.

காலனி ஜனங்களுக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் யாரும் வெளியே விடவில்லை, சொல்லப்போனால் ஜெயமுருகனை ரொம்பவே அனுபவித்தார்கள். பக்கத்து வீட்டு சூசைமுத்து கடை பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“தங்கமான பொடியன். போன வருசம் என் காரட் மூட்டையை ரோடு வரைக்கும் தூக்கியாந்து போட்டான்.”

“மாமா, அவன் இல்லாத ஆளு,” என்று பாலகுமார் காதில் சொன்னான்.

“இருந்தா தூக்கியிருப்பானா இல்லியா?”

பாலகுமார் அவருக்கு ஒரு டீ கொடுத்தான்.

மூன்றாம் நாள் சிவமுருகன் வந்தார். ஐம்பத்தெட்டு வயது, பெயர் சொல்லக் கூடாத அந்தப் பிரிவில் ஏட்டு. தன்னை யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காகக் கைலி கட்டி வருவார், காலில் மட்டும் போலீஸ் பூட்ஸ் இருக்கும். சொந்த ஊர் ஆயக்குடி. துக்கம் கேட்கப் பையில் கொய்யாப்பழம் கொண்டுவந்த ஒரே ஆள் அவர்தான்.

பையை பெஞ்சில் வைத்துவிட்டு, கடைச் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரை வெகுநேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“தம்பி, உங்களுக்கு நெசமாவே ஒரு தம்பி இருந்தாராங்க?”

துக்கம் விசாரிக்கிறவன் இப்படியா கேட்பான்? ‘எப்படி இறந்தார்’ என்று கேட்க வேண்டும், ‘என்ன வயசு’ என்று கேட்க வேண்டும். பாலகுமார் அவர் முகத்தைப் பார்த்தான். அதில் சோகம் இல்லை. பரீட்சையில் தேறிவிட்டோமா என்று கேட்கிறவன் முகம் மாதிரி ஒரு ஆசை இருந்தது. இந்த மனுசனுக்கு ஜெயமுருகன் இருந்தே ஆக வேண்டும் என்று பாலகுமாருக்குத் தோன்றியது. ஏன் என்று விளங்கவில்லை.

“எழுத்துல கேளுங்க,” என்றான்.

“இல்ல, சும்மாதேன். ஒரு வார்த்தை. இருந்தாரா?”

“எழுத்துல கேளுங்கங்க.”

சிவமுருகன் போஸ்டரை இன்னொரு தடவை பார்த்தார். மச்சத்தைத் தொட்டுப் பார்த்தார். கொய்யாப்பழத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார். பழம் நன்றாகத்தான் இருந்தது.

பதினாறாம் நாள் காலனியில் தார்ப்பாய் கட்டிப் பூசணிக்காய்ச் சாம்பாரும் வடையும் பாயசமும் தயாரானது. சமையல் பாலகுமார்தான். படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றினார்கள். மகாராணி முந்தானையை உதறிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எப்படி அழுவது என்று இரண்டு நாளாகச் சூசைமுத்துவிடம் ஒத்திகை பார்த்திருந்தாள். அழ ஆரம்பித்ததும் சூசைமுத்துவே சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார்.

ஆனால் கொஞ்ச நேரத்தில் அழுகை மாறியது. ஊறுகாய் போட்டுக் கொடுத்தேனே, தின்னியா ராசா என்றாள். கையக் கட்டிப் போட்டவனுக்கு அம்மா இல்லையா என்றாள். மூச்சு முட்டுதுன்னு கத்துனியே, எனக்குக் கேக்கலியே, நான் இங்க உக்காந்து தேங்காதானே துருவிக்கிட்டிருந்தேன் என்றாள். தார்ப்பாய்க்குக் கீழே ஒருவர்கூட இப்போது சிரிக்கவில்லை. ஆறு வருடத்தில் அம்மா இதைப் பற்றி அழுது பாலகுமார் பார்த்ததே இல்லை. மகனுக்கு முன்னால் அழக் கூடாது என்று வைத்திருந்ததையெல்லாம் இல்லாத மகனுக்கு முன்னால் கொட்டினாள். அவன் கரண்டியை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அந்த நேரம் பார்த்து சிவமுருகன் ஏறி வந்தார். இந்தத் தடவை சீருடை. மூச்சிரைக்க நின்று, ஒரு கவரை நீட்டினார்.

“எழுத்துல கேட்டிருக்குங்க. பெற்றுக்கொண்டேன்னு ஒரு கையெழுத்து.”

தமயந்தி வடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அவள் தலையசைத்ததும் பாலகுமார் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கவரைப் பிரித்தான். சத்தமாக வாசித்தான்.

‘பொருள்: கண்காணிப்புப் பட்டியல் – ஜெயமுருகன், நரிப்பாறை காலனி – இறந்துவிட்டதாகத் தெரியவருவது – பெயர் நீக்கம் செய்ய இறப்புச் சான்று கோருதல் – தொடர்பாக.’

இதற்கே தார்ப்பாய்க்குக் கீழே ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஆனால் பாலகுமாரின் கண் அடுத்த வரியில் நின்றுவிட்டது. நம் அலுவலகங்களில் பொருள் எழுதினால் அதற்குக் கீழே பார்வை எழுத வேண்டும். இதற்குமுன் யார் யாருக்கு, எந்தத் தேதியில், என்ன எழுதினார்கள் என்று வரிசைப்படுத்தாமல் எந்தக் கடிதமும் நகராது. கொலையே நடந்தாலும் பார்வை போட்டுவிட்டுத்தான் பதறுவார்கள்.

‘பார்வை: 1. நட்பு நாட்டு முகமையின் கடிதம், நாள் 3.11.2017. 2. பாலகுமார் மற்றும் அவரது தம்பி மேற்படி ஜெயமுருகன் குறித்து நட்பு நாட்டு முகமைக்கு அனுப்பிய நமது அறிக்கை, நாள் 9.11.2017.’

டில்லியில் ஆறு வருடம் இருக்கிறது என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் கட்டிக் காத்த ரகசியம், முத்திரையோடு, பதிவு எண்ணோடு, பூசணிக்காய்ச் சாம்பாருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தமயந்தி கடிதத்தை வாங்கி நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டாள்.

“என்னடா எழுதியிருக்கு?” என்றாள் மகாராணி.

பாலகுமார் அவள் விரலைப் பிடித்து அந்த வரியின் மேல் வைத்தான். “இங்கம்மா. நான் விசாவுக்கு எழுதிப் போட்டதும் அவங்க கேட்டிருக்காங்க. ஆறே நாள்ல இங்கருந்து எழுதி அனுப்பிட்டாங்க.”

“இதுல நீ பட்ட அடி எங்க இருக்கு?”

“அதுக்கு அடுத்த வரியில இருந்திருக்கணும். எழுதல.”

மகாராணி விரலை எடுக்கவில்லை. பாலகுமார் சிவமுருகனைத் திரும்பிப் பார்த்தான்.

“ஏட்டய்யா, எனக்குத் தம்பியே இல்லைங்க. எப்பவும் இருந்ததில்ல.”

சிவமுருகனின் முகத்திலிருந்த ஆசை மெதுவாக வடிந்தது. “அப்ப இல்லியா?” என்றார். சாப்பிடச் சொன்னார்கள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

கடிதத்தின் நகல் தமயந்தியின் மனுவோடு டில்லிக்குப் போனது. அங்கே என்ன ஆட்டம் கண்டதோ தெரியாது. பத்தே நாளில் விசாரணைக்குத் தேதி கொடுத்தார்கள். ஆறு வருடம் எட்டிப் பார்க்காத தேதி.

அதற்கு அடுத்த வாரம் நல்ல மழை. சாலையில் வண்டி ஒன்றுகூட இல்லை. மத்தியானம் மூன்று மணிக்குக் காலனிப் பாதையிலிருந்து சிவமுருகன் இறங்கி வந்தார். முழங்கால் வரை சேறு, இரண்டு காலிலும் அட்டை. கைலியும் இல்லை, பூட்சும் இல்லை, மடித்துவிட்ட பேண்ட்டும் வெறுங்காலும்தான். கடைக்குள் நுழைந்ததும் தரையில் ரத்தம் சொட்டியது.

மகாராணி உப்பை அள்ளி வந்து அவர் கால்களில் அப்பினாள். அட்டைகள் சுருண்டு விழுந்தன. “நல்ல மனசுன்னு நெனைக்காதீங்க,” என்றாள். “ரொட்டி சுடுற எடம், ரத்தம் சொட்டக் கூடாது.”

சிவமுருகன் சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய இரண்டு தாள்களை எடுத்தார். முதல் தாள் ஒரு கடிதம். முந்தைய கடிதம் தவறுதலாக அனுப்பப்பட்டுவிட்டது, அசலை உடனே திருப்பித் தர வேண்டும் என்று இருந்தது. பாலகுமார் பொருளைத் தாண்டிக் கீழே பார்த்தான்.

‘பார்வை: 1. நட்பு நாட்டு முகமையின் கடிதம், நாள் 3.11.2017. 2. நட்பு நாட்டு முகமைக்கு அனுப்பிய நமது அறிக்கை, நாள் 9.11.2017. 3. தவறுதலாக அனுப்பப்பட்ட நமது கடிதம்.’

பாலகுமாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ரெண்டாவது தடவையும் போட்டிருக்கீங்களே! இதை யாரு டைப் பண்ணினது?”

“நாந்தேன்,” என்றார் சிவமுருகன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “பார்வை போடாம கடிதம் போகாதுங்களே.”

பாலகுமாரின் சிரிப்பு நின்றது. “முதல் கடிதம்?”

“அதுவும் நாந்தேன்.”

சிவமுருகன் பேசினார். “அன்னைக்கும் இதே மாரி மழைங்க. உங்களைப் பத்தி விசாரிச்சு எழுதணும்னு மேல இருந்து தாக்கீது. வெள்ளனே கெளம்பி இந்த அடிவாரம் வரைக்கும் வந்துட்டேன். அட்டைக்குப் பயந்து ஏறல. இங்க ஒரு டீக்கடை இருந்துச்சுல்ல, அதுல உக்காந்தேன். பேரு, வயசு, தொழிலு எல்லாம் அங்கயே கேட்டு எழுதிட்டேன். கூடப்பிறந்தவங்கன்னு ஒரு கட்டம் வெறுமனே கெடக்கு. வெறுமனே விட்டா நீ போகவே இல்லைன்னு ஐயா திட்டுவாரு. எதுத்தாப்ல ஒட்டன்சத்திரத்துக்கு முட்டைக்கோசு ஏத்திக்கிட்டு ஒரு லாரி நின்னுச்சு. பின்னாடி ஜெயமுருகன்னு எழுதியிருந்துச்சு. தூரத்துல எங்கயோ ரோட்டுக்குப் பாறை ஒடைக்கிற வெடிச்சத்தம் கேட்டுச்சு. சோலி வெரசா முடியட்டும்னு அதையும் எழுதிட்டேன். அவ்வளவுதேன் தம்பி. இது கடல் தாண்டிப் போகும்னு எனக்குத் தெரியாது. போஸ்டரைப் பாத்தப்ப, ஆஹா, நாம எழுதுனது பொய்யில்ல, ஒருத்தன் இருந்திருக்கான்னு சந்தோசப்பட்டேன். செத்துப் போனவனைப் பாத்துச் சந்தோசப்பட்டேன் பாருங்க.”

பாலகுமாருக்கு ரத்தம் தலைக்கேறியது. அடித்தவனுக்கு முகம் இல்லை, கேள்வி கேட்டவனுக்கு இருமல் மட்டும்தான் இருந்தது, டில்லிக்கு ஒரு முத்திரைதான் இருந்தது. இத்தனை வருடத்தில் முகத்தோடு எதிரே உட்கார்ந்த ஒரே ஆள் இவர். கரண்டியைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. எறியவில்லை.

“அஞ்சு நாளுங்க,” என்றான். “தம்பி இல்லை, தம்பி இல்லைன்னு அஞ்சு நாள். எனக்கு வெரல் போச்சு. அந்த அஞ்சு நாளும் நீங்க ஏறாத ரெண்டு கிலோமீட்டர்.”

சிவமுருகன் கையெடுத்துக் கும்பிட்டார்.

“மன்னிக்க மாட்டேன்,” என்றான் பாலகுமார். “கேக்காதீங்க.”

“கேக்கலைங்க. விசாரணைக்கு வர்றேன். இப்ப சொன்னதை அங்கயும் சொல்றேன். வக்கீலம்மாகிட்ட எழுதிக் குடுத்துட்டுத்தேன் இங்க வந்தேன்.”

“ஒங்க பென்சன்?” என்றாள் மகாராணி. அந்த வார்த்தையின் கஷ்டம் அவளுக்குத் தெரியும்.

“வர்றது வரட்டும்மா.”

பிறகு இரண்டாவது தாளை எடுத்து பெஞ்சில் விரித்தார். மறு விசாரணை அறிக்கை. மேலே இருப்பவர்கள் புதிதாகக் கேட்டிருந்தார்கள், நேரில் சென்று விசாரித்து என்று அடிக்கோடு போட்டு. அவர் இன்று காலையிலிருந்து காலனியில் இருபத்தேழு வீட்டிலும் ஏறி இறங்கிக் கேட்டிருந்தார். சூசைமுத்து, காரட் மூட்டை தூக்கியதைப் பற்றிச் சொல்லிப் பார்த்திருக்கிறார், இவர் எழுத மறுத்துவிட்டாராம். ஒவ்வொரு கட்டமும் சேறு படாமல், அழகான கையெழுத்தில் நிரம்பியிருந்தது. கீழே கையெழுத்து, தேதி, முத்திரை.

பாலகுமார் ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டு வந்தான். பெயர். வயது. தொழில். அடுத்தது அந்தக் கட்டம்.

‘உடன்பிறந்தோர்: யாருமில்லை.’

ஐந்து நாள் தொங்கிக்கொண்டு அவன் கதறியது இந்த ஒரு சொல்லைத்தான். ஆறு வருடம் கழித்து ஒருத்தர் அதைக் கேட்டு எழுதியிருக்கிறார். நிம்மதியாக இருந்தது. கண்ணீர் வந்தது, அதைத் துடைக்கவும் தோன்றவில்லை. கூடவே, எதிர்பார்க்காத ஒரு வெறுமை. அந்த அறையில் அவனோடு இருந்தது ஒரே ஒருத்தன். அவன் இப்போது முத்திரையோடு போய்விட்டான்.

சிவமுருகன் மழை விட்டதும் போனார். மகாராணி அவருக்கு டீ கொடுக்கவில்லை, ஆனால் கால் துடைக்க ஒரு பழைய துணி கொடுத்தாள். பாலகுமார் மனோஜ்குமாரின் கடையில் வாங்கிய ஸ்கெட்ச் பேனாவை எடுத்தான். சுவரில் நனைந்து ஓரம் பிரிந்திருந்த போஸ்டரை அழுத்தி ஒட்டி, மறைவுக்கு எதிர்ப்பக்கம் காலியாக இருந்த இடத்தில், முதல் அறிக்கையின் நாளைப் போட்டு, தோற்றம் 9.11.2017 என்று எழுதினான். வளையாத விரல்களால் எழுதியதில் எண்கள் கோணலாக வந்தன.

பிறகு கல்லைச் சூடாக்கி ஒரே ஒரு ரொட்டி தட்டிப் போட்டான். சுட்டு எடுத்து, வாழையிலைத் துண்டில் வைத்து, போஸ்டருக்கு முன்னால் வைத்தான். பச்சைமிளகாய் போடவில்லை.